வித்வானும் உபாத்தியாயரும்

திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட்டில் நடுநிசிக்குப் பிறகே பொழுது விடிகிறது. லாரிகள் வந்து நிற்கின்றன; மூட்டைகள் இறங்குகின்றன; கொள்ளிடத்துக்கு அக்கரையிலிருந்து வாழைத்தார்கள் வந்து குவிகின்றன. ஊரார் கண் விழிப்பதற்குள் பேரம் முடிந்து சரக்கு நாலா திசைகளுக்கும் போய்விடுகிறது. விளைந்த இடத்தில் பொருளுக்கு மதிப்புக் குறைவு, வெளியூர் போனால்தான் விலை என்பது மார்க்கெட் வியாபாரிகள் அனுபவத்தில் கண்ட உண்மை. கலைகளின் விஷயத்திலும் நமது நாட்டில் இதே நியாயந்தான் நடந்து வருகிறதோ என்று ஐயுறும்படி இருக்கிறது. திருச்சி ஜில்லாவில் விளைந்த பெரும் வித்தை ஒன்று, நாற்பது வருஷங்களுக்கு மேல் கனடா தேசத்து டொரோண்டோ நகரத்தில் அன்றாடம் வாரி வழங்கப்பட்டது. அதைக் குறித்து நம்மவர்கள் பெருமை பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். பெருமை பாராட்டியதோடு நமது கடமை தீர்ந்து விட்டதா என்பதே இன்று நாம் கேட்க விரும்பும் கேள்வி.

நாம் குறிப்பிடுவது மிருதங்க வித்வான் ஸ்ரீ திருச்சி சங்கரனை. அவர் 1942-ஆம் வருஷம் லால்குடியை அடுத்த பூவாளூரில் பிறந்தவர். அந்தப் பிரதேசத்துக்குச் சங்கீதம் புதிதன்று. தியாகராஜ ஸ்வாமிகள் லால்குடி க்ஷேத்திரத்தின் பேரில் ஐந்து கீர்த்தனைகளை இயற்றியிருக்கிறார்; ஸ்ரீரங்கத்தின் பேரிலும் ஐந்து. பிடில் வித்வான் ஜெயராமன் லால்குடி என்ற பெயரை உலகமெங்கும் கொண்டு சென்றார். பூவாளூர்ப் பையனுக்கு முதலில் பாடம் தொடங்கியவர் அவருடைய உறவினரே. ஆனால் அவருடைய கையைச் சமைத்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. சங்கரனைப் பற்றிப் பேசப் புகுவோர், அந்தக் குருவைப் பற்றிச் சற்று விரிவாகவே பேசியாக வேண்டும்.

புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் பெயரைச் சங்கீத ரஸிகர்கள் அறிவார்கள். மாரியப்பப் பிள்ளை என்ற தவில் வித்வானிடம் லயம் பயின்று, கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஸ்தாபித்தவர் அவர். உடும்புத் தோல் போர்த்த அந்தச் சிறு வளையத்தைக் கொண்டே மகா வித்வான்களை அவர் கலங்க அடித்தார். அவருடைய சிஷ்யர்களில் பெருங்கியாதி பெற்றவர் தக்ஷிணாமூர்த்தி பிள்ளை, 1936-ல் காலமானார். மற்றொரு சிஷ்யர் பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் குமாரரே 1908-ல் பிறந்த சுப்பிரமணிய பிள்ளை. தகப்பனாரிடமும் தக்ஷிணாமூர்த்தி பிள்ளையிடமும் பயின்றவர். தவிலின் கணக்கும், கஞ்சிராவின் துரிதமும், மிருதங்கத்தின் நாதமும் ஒரே வம்சாவளியில் வந்து சேர்ந்ததால் புதுக்கோட்டை வழி என்று ஒரு வழியே ஏற்பட்டது.

சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். இது சாதாரணச் சமாசாரமாகத் தோன்றலாம். மேடையிலோ பெரும் விவகாரமாயிற்று. மிருதங்கத்தின் வலந்தலை சபையோரை நோக்கி இருக்க வேண்டும் என்பது வழக்கம். இடக்கைக்காரர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தால் தொப்பிப் பக்கம் சபையைப் பார்க்கும். அவருக்காக இடம் மாற்றினால் பிடில்காரர் இடம் மாற வேண்டும். எத்தனை பிடில் வித்வான்கள் அதற்கு மனமுவந்து இசைவார்கள்? இந்த ஒரு காரணத்தால் அத்தனை பெரிய வித்வானுக்கு மேடை கிட்டாமலே போயிருக்கும். செம்பை வைத்தியநாத பாகவதர் தலையிட்டு, தம் கச்சேரிகளில் அவருக்கு இடம் செய்து கொடுத்து முன்னுக்குக் கொண்டு வந்தார். ஜாதி வேறு, ஊர் வேறு. வித்தை ஒன்றையே பார்த்தார் பாகவதர். மேடையில் உட்காரும் வரிசையை மாற்றுவதற்குக்கூட ஒரு பெரிய மனிதரின் துணிவு வேண்டியிருந்தது என்றால், நம் சமூகத்தில் மற்ற வரிசைகளை மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்பதை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்டவர்கள் முதலில் சொல்வது அதன் அமைதி. வேகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற வாசிப்பன்று அது. பாட்டின் சாஹித்தியம் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே மிருதங்கமும் மூச்சு விடும். தொப்பியில் கையின் அடிப்பாகத்தை அழுத்தி இழுத்து எழுப்பும் கும்கி என்னும் நாதத்தை அவர் ஆண்ட விதம் தனிச் சிறப்புடையது. கணக்கோ மிகக் கடுமையானது. காதுக்கு அது கணக்கென்றே தெரியாது. இந்த வழியில் பழகியவர் சங்கரன்.

பதின்மூன்று வயதில் ஆலத்தூர் சகோதரர்களுக்கு வாசித்து அவர் அரங்கேறினார். குருவும் உடன் வாசித்தார். ஆலத்தூர் சகோதரர்கள் என்றால் உடன்பிறந்தவர்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்ரீநிவாஸய்யர், ஆலத்தூர் வெங்கடேசய்யரின் சிஷ்யர்; சிவசுப்பிரமணிய ஐயர் அந்த வெங்கடேசய்யரின் குமாரர். ஒரே உபாத்தியாயரிடம் ஒன்றாய்ப் பயின்றதனால் சகோதரர்களாயினர். 1964-லும் 1965-லும் அடுத்தடுத்துச் சென்னை மியூஸிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டத்தை இருவரும் பெற்றார்கள். கிளாரினெட் வாத்தியத்தைக் கர்நாடக சங்கீதத்துக்கு இசையச் செய்த திருச்சி ஏ. கே. ஸி. நடராஜனும் வெங்கடேசய்யரிடம் பாடம் கேட்டவரே. அவருக்கு 2008-ல் அதே பட்டம் கிடைத்தது. ஒரு வாத்தியாரின் திண்ணையிலிருந்து மூன்று சங்கீத கலாநிதிகள்! வெங்கடேசய்யர் பெயரையோ இன்று எத்தனை பேர் சொல்லுகிறார்கள்? பாடுகிறவர்களின் பெயர் சுவரொட்டியில் வரும். பாட வைத்தவர்களின் பெயர் வருவதில்லை.

லயக் கணக்குகளில் சிங்கங்கள் ஆலத்தூர் சகோதரர்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு சிறுவன் மிருதங்கத்தைப் பிடித்து உட்கார்ந்தான் என்றால் அதை விளையாட்டாக எண்ணுவதற்கில்லை. பல்லவியில் அவர்கள் விடும் முடிச்சைக் கண்டுபிடித்து, அவர்கள் அவிழ்க்கும் இடத்தில் தானும் அவிழ்க்க வேண்டும். அன்று முதல் அக்காலத்துப் பெரிய வித்வான்கள் பலருக்கும் சங்கரன் வாசித்திருக்கிறார். அந்தப் பட்டியலை இங்கே அடுக்குவது அநாவசியம். பக்க வாத்தியக்காரரின் ஜீவனம் எப்படிப்பட்டது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்லுவோம். இன்று ஒருவருக்கு வாசிக்க வேண்டும். நாளை அவருக்கு நேர்மாறான சுபாவமுள்ள இன்னொருவருக்கு. ஒத்திகை கிடையாது. பாடுகிறவர் என்ன பாடப் போகிறார் என்பது அவர் வாயைத் திறக்கும்போதுதான் தெரியும். கச்சேரியின் நடுவே தனி ஆவர்த்தனம் என்று ஒரு கால் மணியோ அரை மணியோ அவருக்கென்று விடுவார்கள். அச்சமயத்தில் சபையில் பாதிப் பேர் காப்பி குடிக்க எழுந்து போவது நம் தேசத்து ரஸிகத்தன்மையின் லக்ஷணமாக இருந்து வருகிறது!

சுப்பிரமணிய பிள்ளை 1962-ல் காலமானார். சிஷ்யருக்கு அப்போது வயது இருபதை எட்டும் சமயம். குருவை இழந்த பிறகு ஒன்பது வருஷம் மேடையிலேயே தேறினார். 1971-ல் டொரோண்டோவிலுள்ள யார்க் சர்வகலாசாலைக்கு உபாத்தியாயராகச் சென்றார். அங்கே இந்திய சங்கீதப் பயிற்சியை அவருடன் சேர்ந்து ஏற்படுத்தியவர் ஜான் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கர். நம் நாட்டுக்கு வந்து கர்நாடக சங்கீதம் பயின்று, கச்சேரிகள் செய்து, ஜனங்களால் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அன்புடன் அழைக்கப்பட்ட அதே மனிதர்தாம். 1984-ல் மோட்டார் விபத்தில் அவர் அகாலமாக மாண்டார்.

இவ்விஷயத்தில் சங்கரன் முதல்வர் அல்லர். பரத நாட்டிய மேதை பாலஸரஸ்வதியின் சகோதரர் ரங்கநாதன் 1963-லேயே அமெரிக்காவின் வெஸ்லியன் சர்வகலாசாலையில் மிருதங்கம் போதிக்கச் சென்றிருந்தார். அவரும் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யரே! இடக்கைக்காரர் என்று மேடையில் இடம் கிடைக்காமல் இருந்த ஒருவருடைய வித்தை, அவருடைய இரு மாணாக்கர்கள் மூலமாக வட அமெரிக்காவின் இரண்டு சர்வகலாசாலைகளில் வேரூன்றியது.

கடல் கடந்து போகும் வித்வான்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. பணத்துக்காகப் போய்விட்டார்கள் என்பது ஒன்று. வெள்ளைக்காரன் கைதட்டினால்தான் நமக்குத் திருப்தி என்று நம்மையே நாம் இகழ்ந்து கொள்வது மற்றொன்று. முதலாவது பேச்சை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மிருதங்க வித்வானுக்கு மாதச் சம்பளமும், வேலை நிரந்தரமும், வயோதிகத்தில் ஓய்வூதியமும் இந்த நாட்டில் எத்தனை ஸ்தாபனங்கள் கொடுத்தன? வானொலி சிலருக்குக் கொடுத்தது. அண்ணாமலைச் சர்வகலாசாலை முதலிய ஒருசில கல்வி ஸ்தாபனங்கள் கொடுத்தன. மற்றவர்கள் கல்யாணக் கச்சேரியையும் சபைக் கச்சேரியையும் நம்பியே காலம் தள்ளினார்கள். இந்த நிலைமையில் ஒருவர் வெளிநாடு சென்றால் குற்றம் அவருடையதா? சங்கரனோ ஒரேயடியாகப் போய்விடவும் இல்லை. டிசம்பர் கச்சேரிகளுக்குச் சென்னை வந்து வாசிப்பதை அவர் கைவிடவில்லை. 2011-ல் மியூஸிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதிப் பட்டம் அளித்தது. அந்த அகாடமியே 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸை ஒட்டி நடந்த சங்கீத மகாநாட்டின் விளைவாக மறு வருஷம் பிறந்தது என்பதை இங்கு நினைவூட்டுகிறோம். திருச்சிச் சந்தை விஸ்தரிக்கப்பட்டு மகாத்மாவின் பெயரைப் பூண்டதும் அதே 1927-ல்தான். தேசீய இயக்கம் சந்தையையும் சங்கீதத்தையும் ஒரே மூச்சில் நம்முடையவை என்று உரிமை கொண்டாடிய காலம் அது.

இரண்டாவது பேச்சுக்குப் பதில் சொல்ல வேண்டுமானால், டொரோண்டோவில் அவர் என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். அங்கே அவர் முன் வந்து உட்கார்ந்தவர்கள் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போன்றவர்கள் அல்லர். ஆதி தாளத்தைத் தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் அல்லர். வாரத்துக்குச் சில மணி நேரம், வருஷத்துக்குச் சில மாதங்கள் மட்டுமே கிடைக்கும் மாணாக்கர்கள். குருவின் வீட்டில் தண்ணீர் தூக்கி, கூடவே ஊர் ஊராய்ச் சென்று, கேள்வி ஞானத்தால் தேறுவதென்பது அங்கே நடவாத காரியம். ஆகவே, வருஷக்கணக்கில் தானாகக் காதில் ஊறுகிற விஷயத்தை, எடுத்துச் சொல்லி விளங்க வைக்கும் பாடமாக அவர் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு அவருக்குக் கைகொடுத்தது நம் பழைய சொல்கட்டு. மிருதங்கத்தைத் தொடுவதற்கு முன்பு வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவது நமது சம்பிரதாயந்தானே? அதையே அவர் முதற்படியாக வைத்துக்கொண்டார்.

சங்கீதம் பயிலாத நேயர்களுக்கும் விளங்கும்படி ஓர் உதாரணம் சொல்லுகிறோம். ஆதி தாளத்தில் எட்டு அடிகள். அடிக்கு நான்கு மாத்திரை வீதம் ஓர் ஆவர்த்தத்துக்கு முப்பத்திரண்டு. “த தி கி ண தொம்” என்ற சொல் ஐந்து மாத்திரை கொண்டது. அதை மூன்று முறை சொல்லி, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவிலும், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலும் ஒவ்வொரு மாத்திரை மௌனமாக விட்டால் பதினேழு. பின்பு இடைவெளியின்றி மூன்று முறை சொன்னால் பதினைந்து. பதினேழும் பதினைந்தும் முப்பத்திரண்டு. ஐந்து ஐந்தாய் ஓடிக்கொண்டிருந்தது, எட்டின் மடங்கான இடத்தில் கச்சிதமாய் வந்து விழுகிறது. கைவிரலில் எண்ணத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் இது புரியும். தராசைப் பிடித்துக்கொண்டே மனக்கணக்காய்ச் சில்லறை சொல்லும் காந்தி மார்க்கெட்டுப் பையனுக்கு இது இன்னும் சீக்கிரமாய்ப் புரியும்! லய வித்தை என்பது சில குடும்பங்களின் ரத்தத்தில் மட்டும் ஓடும் ரகசியம் என்று சொல்லி வந்தவர்களுக்கு, அந்த அயல்நாட்டு வகுப்பறையே போதிய பதில்.

மிருதங்க லயத்தின் தத்துவங்களையும் சாதகத்தையும் விளக்கி 1994-லும், சொல்கட்டுக் கலையான கொன்னக்கோலைப் பற்றி 2010-லும் அவர் இங்கிலீஷில் புஸ்தகங்கள் வெளியிட்டார். ஜாவாத் தீவின் கமெலான் என்னும் வெண்கல வாத்தியக் குழுவோடும், மேல்நாட்டுத் தாள வாத்தியக்காரர்களோடும், ஜாஸ் சங்கீதக்காரர்களோடும் சேர்ந்து வாசித்திருக்கிறார். அவர்களுக்கென்று உருப்படிகளும் இயற்றியிருக்கிறார். இவ்விதக் கலப்புக்களை எல்லாம் நாம் ஒன்றுபோல் ரஸிப்பதில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. கலந்து வாசிப்பதே புதுமை என்று கிளம்பியிருக்கும் பலருடைய முயற்சிகளில் இரு பக்கத்துச் சங்கீதமும் கெட்டுப்போகிறது. சொந்த வழியை ஐயமறக் கற்றுத் தேர்ந்த பிறகு பிறரோடு பேசப் போகிறவரின் விஷயம் வேறு. அவருக்குத் தம் பாஷை மறந்து போகாது.

வெள்ளைக்கார மாணாக்கர்களோடு இந்தக் கதை நின்றுவிடவில்லை. சங்கரன் டொரோண்டோ சென்ற காலத்தில் அங்கே தமிழர்கள் சொற்பம். 1983-ல் இலங்கையில் தமிழர்களுக்கு விரோதமாக நடந்த கொடுமைகளுக்குப் பின், வீடு வாசல் இழந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கனடாவில் தஞ்சம் புகுந்தன. இன்று தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வெளியே தமிழர் மிகுதியாய் வாழும் நகரங்களில் டொரோண்டோவும் ஒன்று. அங்கே சனி, ஞாயிற்றுக்கிழமைகளில் பெற்றோர் குளிரில் மோட்டார் ஓட்டிக்கொண்டு போய்ப் பிள்ளைகளை மிருதங்க வகுப்பிலும் வாய்ப்பாட்டு வகுப்பிலும் விடுகிறார்கள். நாட்டியத்துக்குப் போலவே மிருதங்கத்துக்கும் மண்டபம் பிடித்து, அழைப்பிதழ் அச்சிட்டு அரங்கேற்றம் நடத்துகிறார்கள். ஆடம்பரம் அதிகம் என்று சிலர் கேலி செய்வதை நாமும் கேட்டிருக்கிறோம். நாடு இழந்தவர்களுக்குப் பிள்ளையின் கையில் கொடுக்க என்ன மிஞ்சியிருக்கிறது? பாஷையும் தாளமுந்தான். கேலி செய்கிறவர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

இனி, வாழைத்தார் புறப்பட்ட இடத்துக்கே திரும்புவோம். திருச்சிக்கு ஒரு நல்ல பூர்வோத்தரம் உண்டு. ரயில்வே உத்தியோகஸ்தரான எப். ஜி. நடேசய்யர் 1914-ல் ரஸிக ரஞ்சன சபாவை ஸ்தாபித்தார். அவர் சபையைப் பெரியவர்கள் சாய்ந்து உட்கார்ந்து கேட்கும் இடமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஊரில் குரல் உள்ள பையன்களைத் தேடிப் பிடித்து மேடையேற்றினார். ஹரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேஷம் போடுவதற்கு அவர் பொறுக்கி எடுத்த சிறுவன்தான் பின்னால் எம். கே. தியாகராஜ பாகவதர் ஆனான். அந்த இளைஞன் கச்சேரி செய்தபோது, அவனுக்குப் பக்க வாத்தியம் வாசித்து வாழ்த்தியவர் புதுக்கோட்டை தக்ஷிணாமூர்த்தி பிள்ளை. பெரியவர்கள் வாலிபர்களை இப்படிக் கை தூக்கி விட்ட ஊர் இது. 1939-ல் வானொலி நிலையமும் வந்து சேர்ந்தது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்து வித்வான்களுக்கு அது பெரிய ஆதாரமாயிற்று.

இன்றைய நிலைமை என்ன? குறை மட்டும் சொல்வது நியாயமன்று. ஸ்ரீரங்கத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி நடந்து வருகிறது. தமிழ்நாட்டில் இத்தகைய பள்ளிகள் பதினேழு. வாய்ப்பாட்டு, நாதஸ்வரம், தவில், தேவாரம், மிருதங்கம், பிடில், பரதநாட்டியம் ஆகியவற்றை இளைஞர்களுக்கு மூன்று வருஷப் பாடமாகக் கற்பிக்கிறார்கள். கத்தோலிக்கப் பாதிரியார் எஸ். எம். ஜார்ஜ் 1977-ல் தோற்றுவித்த கலைக் காவிரி, திருச்சியில் கல்லூரியாய் வளர்ந்து, பாரதிதாசன் சர்வகலாசாலையின் தொடர்பில் இசையிலும் நாட்டியத்திலும் பட்டம் பெற வழி செய்திருக்கிறது. கோயில் சங்கீதமென்று சொல்லப்படுவதைக் கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவர் எடுத்து வளர்த்ததில் நமக்கு ஆச்சரியமில்லை, சந்தோஷமுண்டு. ஆனால் சர்க்கார் நடத்தும் இசைக் கல்லூரிகள் நான்கும் சென்னை, மதுரை, கோயமுத்தூர், திருவையாறு ஆகிய இடங்களில் இருக்கின்றன. ஆலத்தூரும் லால்குடியும் முசிறியும் தங்கள் பெயரைச் சங்கீதத்துக்குக் கொடுத்த இந்த வட்டாரத்தின் தலைநகரில் ஒன்றுமில்லை.

கல்லூரி வருவது வரட்டும். அதைவிட அவசரமான காரியம் ஒன்று இருக்கிறது. காந்தி மார்க்கெட்டைச் சுற்றிப் பாலக்கரை, வரகனேரி, தாராநல்லூர் என்ற பேட்டைகள் இருக்கின்றன. வரகனேரி, வ. வே. ஸு. ஐயரைத் தேசத்துக்குத் தந்த இடம். மூட்டை தூக்குகிறவர்கள், பூத் தொடுக்கிறவர்கள், தள்ளு வண்டி வைத்திருப்பவர்கள், சில்லறைக் கடைக்காரர்கள் ஆகியோரின் பிள்ளைகள் அங்கே ஏராளம். பெற்றோர் நடு இரவில் வேலைக்குப் போய் முற்பகலில் வீடு திரும்புவார்கள். இந்தப் பிள்ளைகள் ஆற்றைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கும், ஊரின் மறுகோடியிலுள்ள கல்லூரிக்கும் போய்ச் சங்கீதம் கற்பார்கள் என்று எதிர்பார்ப்பது வீண். கல்வியே அவர்களுடைய தெருவுக்கு வர வேண்டும்.

மிருதங்கம் விலை அதிகம், ஏழைக் குழந்தை எப்படி வாங்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பலா மரத்தைக் குடைந்து, ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் அளவாய் வெட்டி மூட்டி, எருமைத் தோல் வாரால் இழுத்துக் கட்டி, வலந்தலையில் கிட்டமும் சோறும் குழைத்த கரணையைப் படலம் படலமாய் ஏற்றித் தேய்த்து நாதம் எழச் செய்வது எளிய தொழிலன்று. அத்தொழிலைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து வருகிறவர்களில் பலர், மேடையின் பக்கமே நெருங்க விடாமல் சமூகம் ஒதுக்கி வைத்த வகுப்பினர். தோலில் கை வைக்கிறவனைத் தள்ளி நிறுத்திவிட்டு, அவன் முடைந்து கொடுத்த தோலில் எழும் நாதத்தை மட்டும் தெய்விகம் என்று கொண்டாடியது நமது சரித்திரத்தில் அழியாத களங்கம். மிருதங்கம் வகுப்புக்கு வரும் ஊரில், மிருதங்கம் முடைகிறவரையும் உபாத்தியாயர் என்ற பெயரோடும் சம்பளத்தோடும் வகுப்புக்குள் கூப்பிட வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.

விலையைப் பற்றிய ஆக்ஷேபத்துக்கோ விடை ஏற்கெனவே சொல்லப்பட்டுவிட்டது. முதல் வருஷத்தில் மிருதங்கமே வேண்டியதில்லை. சொல்கட்டுக்கு இரண்டு கைகளும் ஒரு வாயும் போதும். நாற்பது குழந்தைகள் பாயில் உட்கார்ந்து ஒரே குரலில் ஐந்தையும் ஏழையும் சொல்லித் தாளம் போடலாம். அதில் யாருக்குக் கையும் காதும் கூடி வருகிறதென்று தேர்ந்து, அடுத்த வருஷத்தில் ஐந்தாறு மிருதங்கங்களைப் பொதுவில் வைத்து முறை போட்டுப் பழக்கலாம். தொப்பியில் அப்பும் ரவைக்கு மார்க்கெட்டில் பஞ்சமில்லை!

பெண் குழந்தைகளுக்கு மிருதங்கம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரே ஒரு பெயரைச் சொல்லுகிறோம். புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், தக்ஷிணாமூர்த்தி பிள்ளையிடமே மிருதங்கம் பயின்று, சென்ற நூற்றாண்டின் முற்பாதியிலேயே மேடையேறி வாசித்தவர். பாட்டனார் காலத்தில் நடந்ததைப் பேத்தி காலத்தில் தடுக்க வேண்டுமா?

யார் போதிப்பது என்பதே கஷ்டமான பகுதி. நன்றாக வாசிக்கிறவர்கள் எல்லாம் நன்றாகப் போதிப்பவர்கள் அல்லர். இசைப்பள்ளியிலும் கல்லூரியிலும் தேறி வெளிவரும் வாலிபர்களில் பலர், கச்சேரி கிடைக்காமல், வேறு உத்தியோகம் தேடிப் போகிறார்கள். வருஷந்தோறும் இவ்விதம் பயிற்சி பெற்ற கைகள் கணக்கெழுதப் போய்விடுகின்றன. இவர்களில் மனமுள்ளவர்களைப் பொறுக்கி, மாலை வேளையில் இரண்டு மணி நேரம் பேட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதற்கு நியாயமான சம்பளம் கொடுத்தால் இரண்டு காரியம் ஒன்றாய் நடக்கும்: பிள்ளைகளுக்கு வாத்தியார் கிடைப்பார், வாலிபருக்கு மிருதங்கத்தை விடாமலிருக்க ஒரு காரணம் கிடைக்கும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போதுதான் தன் பாடத்தில் எது விளங்கவில்லை என்று தனக்கே தெரியும் என்பதை உபாத்தியாயத் தொழிலில் இருந்தவர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்வார்கள். பிள்ளைகள் வருஷத்துக்கு ஒரு முறை தாங்களே கூடி நிகழ்ச்சி நிரல் போட்டு, மேடை கட்டி, வாசித்துக் காட்டவும் வேண்டும். 1985-ல் சென்னையில் இளம் வித்வான்களே சேர்ந்து, இளைஞர் கர்நாடக சங்கீதத்துக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, தங்களுக்குத் தாங்களே மேடை அமைத்தார்கள். அவர்களில் சிலர் பின்னால் நாடறிந்த வித்வான்களானார்கள். திருச்சி வாலிபர்களுக்கு அது முடியாதா?

தேர்தல் வந்தால் காந்தி மார்க்கெட்டு வாசலில் மேடை போட்டுப் பேசாத கட்சி கிடையாது. மார்க்கெட்டை ஊருக்கு வெளியே மாற்றுவதா, இங்கேயே வைத்துக்கொள்வதா என்ற வழக்கில் எல்லாக் கட்சிகளுக்கும் அபிப்பிராயம் உண்டு. மார்க்கெட்டைச் சுற்றிக் குடியிருக்கும் பிள்ளைகள் மாலை ஐந்து மணிக்கு மேல் என்ன செய்கிறார்கள் என்பது பற்றி யாருக்கும் அபிப்பிராயம் இருப்பதாகத் தெரியவில்லை. சர்க்கார் பள்ளிகளிலும் நகரசபைப் பள்ளிகளிலும் அந்நேரத்தில் அறைகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு பேட்டையில் ஒரு பள்ளி, அதில் ஓர் அறை, இரண்டு பாய், வாரத்தில் மூன்று மாலை, ஓர் இளம் வாத்தியார். முதல் வருஷத்துக்கு இவ்வளவுதான் வேண்டும். மாநகராட்சி அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வரட்டும். அறைகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொண்டு வரட்டும்.